மலர்க்கொடி சொன்னதும் சொல்லாததும்

வகுப்பில் ஆசிரியருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் கைகளால் சொல்வதுதான் மலர்க்கொடியின் வேலை. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் கலைக் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் படிப்பு இரண்டாம் ஆண்டில் காது கேளாத பிள்ளைகள் ஏழு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்க, இந்த ஏழு பேரும் மலர்க்கொடியைப் பார்ப்பார்கள். முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை அவள் ஒருத்திதான். வாட்ச்மேன் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோரும் அவளை 'சைகை டீச்சர்' என்றார்கள். ஆனால் அவள் டீச்சர் இல்லை. வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் போடுகிற உதவிப் பணியாளர்.

நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது. உட்காருவதுதான் வராது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே நிற்பாள். வீட்டில் அடுப்படியில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். "ஒரு வாயாச்சும் உக்காந்து சாப்பிடேன்" என்று கணவன் செந்தில்குமார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். வலது தோள்பட்டையில் ஒரு வலி இருந்தது. அவன் தைலம் தேய்த்துவிடும்போதும் விரல்கள் சும்மா இருக்காது. டிவியில் ஓடுகிற செய்தியைத் தொடையின் மேல் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த விரல்கள் பேசத் தொடங்கியது நாக்கு பேசத் தொடங்குவதற்கு முன்பே. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அப்பா இராஜாங்கத்துக்கும் அம்மா அம்சத்துக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா நடவுக்குப் போவாள். அப்பா கூலிக்குப் போய்க்கொண்டிருந்து, பிறகு மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் இருக்கும், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். ஊருக்கும் இவர்களுக்கும் நடுவில் குழந்தை மலர்க்கொடி நின்றாள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பஞ்சாயத்து போர்டில், எங்கே போனாலும் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் போக வேண்டும்.

எட்டு வயதில் ஒருநாள் நெல் கொள்முதல் நிலையத்தில் நடந்ததை அவள் மறந்ததில்லை. குவித்துப் போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் அப்பாவும் அவளும் காலையிலிருந்து காத்துக் கிடந்தார்கள். பின்னால் வந்தவர்களின் நெல்லெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அப்பா போய்க் கையைக் காட்டிக் கேட்டபோது, ஈரப்பதம் பார்க்கிற ஆள் எரிச்சலோடு அவளைப் பார்த்துச் சொன்னான்: "இந்த ஊமையோட பெரிய ரோதனையா போச்சு. போயி ஒரு ஓரமா குந்தச் சொல்லு அந்தாள."

மழை வருகிற மாதிரி இருந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கைகள் அப்பாவிடம் சொன்னது வேறு: "மெஷின்ல கோளாறாம். அடுத்தது நம்மளுதுதானாம். சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு."

அப்பா முகமெல்லாம் சிரிப்பாக அந்த ஆளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெஷினை எடுத்துக்கொண்டு அவர்கள் குவியலுக்கு வந்தான். மழைக்கு முன்னால் நெல் உள்ளே போய்விட்டது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அவள் விடவே இல்லை. இந்தப் பக்கத்து முள்ளை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக்குக் கொடுப்பாள்; அந்தப் பக்கத்துச் சூட்டை ஆற்றி இந்தப் பக்கத்துக்குக் கொடுப்பாள். பிற்பாடு சென்னையில் சைகை மொழிபெயர்ப்புக்கு டிப்ளமோ படித்தபோது, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் அதை அழகாக எழுதி முதல் வகுப்பில் தேறினாள். கைகளுக்கு மட்டும் அது ஏறவில்லை.

தை பிறந்து வகுப்புகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாளில் அந்த வம்பு வந்தது. வானதி மேடம் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கடைக்கோ அலுவலகத்துக்கோ உபயோகப்படுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வர வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே மேடம் சொன்னார்:

"முன்னாடி இருக்கற ஏழு பேருக்கும் இது வேணாம். இதெல்லாம் இவங்களுக்கு ஏறாது. யாரோடதையாச்சும் காப்பி பண்ணிக் குடுக்கட்டும், பாஸ் போட்டுடலாம். நமக்கும் தலவலி இல்ல."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மலர்க்கொடியின் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு தாமாகவே நகர்ந்தன: "ப்ராஜெக்ட்ல உங்களுக்குச் சலுகை உண்டு. மேடம் அப்பறமா சொல்வாங்க."

ஏழு பேரில் ஆறு பேர் தலையாட்டினார்கள். சுடர்விழி ஆட்டவில்லை. திருவையாற்றுப் பக்கத்துப் பெண். காது கேளாதோர் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற சுபாவம். சாப்பாட்டு நேரத்தில் மலர்க்கொடியை மரத்தடியில் நிறுத்திக் கையால் கேட்டாள்.

"போர்டு பக்கம் திரும்பியிருந்தாலும் மேடத்தோட தாடை ரொம்ப நேரம் அசைஞ்சுச்சு. பின்னாடி சிரிச்சாங்க, திரும்பிப் பாத்தேன். நீங்க காட்டுனது ரெண்டே வரி. மிச்சம் எங்க அக்கா?"

"அவ்வளவுதாம்மா சொன்னாங்க."

"சிரிச்சது?"

"அது அவங்களுக்குள்ள ஏதோ."

சுடர்விழி அவள் முகத்தையே பார்த்தாள். சைகை மொழியில் முகத்துக்குப் பாதிப் பங்கு உண்டு. கை பொய் சொன்னாலும் முகம் கூடவே பொய் சொல்லிவிடாது. வேறு எதுவும் கேட்காமல் அவள் போய்விட்டாள். அன்று சாயந்திரமே காது கேட்கிற வகுப்புத்தோழன் வளவனிடம் போனை நீட்டி, மேடம் சொன்னதை எழுதித் தரச் சொன்னாள். அவன் தயங்கித் தயங்கி அப்படியே தட்டிக் கொடுத்தான். இது மலர்க்கொடிக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து சுடர்விழி வகுப்பில் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கரும்பலகையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். காது கேட்கிற ஒருவருக்கு எதிரே நின்று பேசும்போது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது மலர்க்கொடிக்கு. என்ன கோபம் என்று கேட்கவும் பயம். கேட்டால் பதில் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வரப்போவதாகச் சேதி வந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளையடிப்பு, பூந்தொட்டி. மாணவர் பேரவையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதிநிதி இருந்தாக வேண்டும் என்று முதல்வர் விஜயலட்சுமிக்கு யாரோ நினைவுபடுத்தினார்கள். அவர் வகுப்புக்கே வந்து, "உங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. புதன்கிழமை கூட்டத்துல உங்க குறையைச் சொல்லலாம்" என்றார். ஆறு கைகள் சுடர்விழியைக் காட்டின.

சுடர்விழி சைகையில் சொல்வதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லப்போவது மலர்க்கொடிதான். இன்னின்னது பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்தால் சொற்களைத் தயார் செய்துகொள்ளலாம். அதைக் கேட்டாள்.

"அங்க வந்து பாருங்க" என்றாள் சுடர்விழி.

அதோடு மலர்க்கொடிக்குத் தூக்கம் போயிற்று. சோறு குழைந்தது, பஸ் தவறியது. தேய்த்த புடவையையே மறுபடியும் தேய்த்தாள். "என்னதான் ஆச்சு உனக்கு?" என்று செந்தில்குமார் கேட்டதற்கு, "ஆய்வுக் குழு வருதுல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருப்புக்கொள்ளாமல் குத்தாலத்துக்கு பஸ் ஏறினாள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் இறங்கியிருந்த அறுவடை இயந்திரத்தின் இரைச்சலில், காது கேட்கிற ஆட்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் இந்த வரப்பிலும் அந்த வரப்பிலும் நின்றபடி சாவகாசமாகக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள். "சின்னப் புள்ளையில நான் உங்களுக்காகப் பேசுனேன்ல. எல்லாத்தயும் அப்படியே சொல்லல. திட்டுனதயெல்லாம் மாத்தித்தான் சொன்னேன். தெரியுமா?"

அப்பா குழம்பை ஊற்றி வைத்துவிட்டு, "காரியம் நடந்துச்சுல்ல. அப்பறம் என்ன?" என்றார். அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. அறுத்த நெல்லைக் காயப்போடுவது பற்றிய யோசனையில் இருந்தார்.

அம்மா சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எதை மாத்துன?"

மலர்க்கொடி இரண்டு மூன்றைச் சொன்னாள். நடவு வயலில் பெரிய வீட்டுக்காரி பேசியது. பிரசவத்துக்கு அம்மா போயிருந்தபோது ஆஸ்பத்திரியில் ஆயா சொன்னது. அம்மாவின் முகம் மெல்ல மாறியது.

"அந்தப் பெரிய வீட்டுக்காரி வீட்டுக்கா நான் இத்தன வருஷமும் மாவிடிக்கவும் களை பறிக்கவும் ஓடுனேன்? நல்லவள்னு நெனச்சுத்தானே ஓடுனேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா."

"கஷ்டப்பட்டா பட்டுட்டுப் போறேன். யாருகூடச் சண்ட போடணும்னு எனக்குத் தெரிய வேணாமா? அதயும் நீயே வச்சுக்கிட்ட."

சொல்லிவிட்டு அம்மா எழுந்து களத்துக்குப் போய்விட்டாள். மலர்க்கொடி கிளம்புகிறவரை அவள் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மலர்க்கொடிக்கு, வழியெல்லாம் அறுத்துக் கிடந்த வயல்கள் கண்ணில் பட்டும் படாமலும் ஓடின.

புதன்கிழமை கூட்டம் முதல்வர் அறைக்குப் பக்கத்து ஹாலில் நடந்தது. நீள மேசையைச் சுற்றி ஆசிரியர்கள், வகுப்புப் பிரதிநிதிகள். வானதி மேடமும் இருந்தார். முறைப்படி மொழிபெயர்ப்பவர் பேசுகிறவரின் இடத்தில் நின்று 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அந்தப் பெண் சொல்கிறாள்' என்று சொல்லக்கூடாது. சுடர்விழி எழுந்து நின்றாள். அவளை நேராகப் பார்க்கிற மாதிரி எதிர்ப்பக்கம் போய் நின்றாள் மலர்க்கொடி.

முதலில் சாதாரணமாகத்தான் போயிற்று. "வகுப்புல போடுற வீடியோக்களுக்குக் கீழ எழுத்து ஓடுறதில்ல. போர்டைப் பாத்துக்கிட்டுப் பேசுனா உதட்டசைவு எங்களுக்குத் தெரியாது. நாள் முழுக்க ஒருத்தரே கை வலிக்கச் சொல்றாங்க, சாயந்திரம் ஆனா அவங்க கை தளர்ந்துடுது, எங்களுக்குப் பாடம் பாதிதான் வருது. இன்னொருத்தர் வேணும்." முதல்வர் குறித்துக்கொண்டார். சிலர் தலையாட்டினார்கள். மலர்க்கொடிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சுடர்விழி ஒரு கணம் நிறுத்தினாள். அவள் கைகள் மறுபடி எழுந்தபோது வந்த வாக்கியம் மலர்க்கொடியைப் பற்றியதாக இருந்தது.

அந்த ஹாலில் சைகை தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. அவள் என்ன சொன்னாலும் எல்லோரும் நம்புவார்கள். 'இவ்வளவுதான், நன்றி' என்று முடித்திருக்கலாம். அப்படி ஒரு வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராகவும் இருந்தது. அம்மாவின் முகம் ஞாபகம் வந்ததா, எதிரே நிற்கிற பெண்ணின் கண்ணைப் பார்த்துப் பயமா என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.

"மலர்க்கொடி அக்கா எங்ககிட்டப் பொய் சொல்றாங்க."

ஒரு மாணவன் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டு நிறுத்தினான். மலர்க்கொடி தொடர்ந்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. "அவங்க நல்லவங்க. எனக்கு அவங்களப் புடிக்கும். ஆனா எங்களுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு அவங்களே முடிவு பண்றாங்க. எங்களப் பத்தி வகுப்புல பேசுறது எங்களத் தவிர எல்லாருக்கும் தெரியுது."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம். இது அந்தப் பொண்ணு சொல்றதா, நீங்க சொல்றதா?"

மலர்க்கொடி அந்தக் கேள்வியையும் கையால் சுடர்விழிக்குச் சொன்னாள். பதில் வந்தது. "நான்தான் சொல்றேன் மேடம். வாய் மட்டும் அவங்களுது."

"என்ன மறைச்சாங்களாம்?" என்று கேட்டது வானதி மேடம்தான். அவருக்கு எதுவும் ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

சுடர்விழியிடம் வளவன் தட்டிக் கொடுத்தது போனில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "அதை அக்காவே சொல்லட்டும்" என்றுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இனிமேல் 'நான்' என்றால் அது மலர்க்கொடிதான். வாயும் கையும் ஒரே நேரத்தில் இரண்டு மொழி பேசினால் இரண்டுமே சிதையும். யாருக்கு முதலில் என்று ஒரு கணம் நின்றாள். பிறகு முதலில் கையால் சுடர்விழிக்குச் சொன்னாள், நிதானமாக, 'ஏறாது' என்றதையும் 'காப்பி' என்றதையும் 'தலைவலி' என்றதையும் விடாமல். ஹாலில் இருந்தவர்கள் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதன் பிறகு வாயால் சொன்னாள். கடைசியில், "இதத்தான் நான் சலுகைன்னு மாத்திச் சொன்னேன்" என்றாள்.

வானதி மேடத்தின் முகம் சிவந்துபோயிற்று. "நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. அவங்க கஷ்டப்பட வேணாம்னு, ஒரு உதவியாத்தான்."

அதையும் மலர்க்கொடி கையால் சொன்னாள். சுடர்விழி மேடத்தை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். "உதவி வேணாம் மேடம். ப்ராஜெக்ட் குடுங்க."

கூட்டம் முடிந்ததும் முதல்வர் மலர்க்கொடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அவள் நின்றாள். "பிள்ளைங்களுக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவுல எல்லாம் சுமுகமா போகணும்னுதான் உங்கள வச்சிருக்கோம்" என்றார்.

"இத்தன நாளா சுமுகமாத்தான் மேடம் பண்ணேன்" என்றாள் மலர்க்கொடி. அவள் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். முதல்வர் ஒப்பந்தப் பேச்சை ஆய்வுக் குழு வந்து போனபின் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரங்கள் அவளுக்கு நெருப்பில் நின்ற மாதிரி போயின. ஆசிரியர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வானதி மேடம் போர்டைப் பார்த்துப் பேசுவதை விட்டார். மலர்க்கொடியைப் பார்த்துப் பேசுவதையும் விட்டார். ஏழு பேருக்கும் ப்ராஜெக்ட் வந்தது. அவர்களில் துரைராசு என்கிற பையனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அதில் பெருங்கோபம். சும்மா கிடைக்கவிருந்த மார்க்கை சுடர்விழி கெடுத்துவிட்டாள் என்று அவளோடு பேசாமல் இருந்தார்கள். சுடர்விழியின் புரோகிராம் முதல் தடவை ஓடவே இல்லை. திருத்தி எழுதினாள். இரண்டாம் தடவை பாதி ஓடி நின்றது. மூன்றாம் தடவை தேறினாள். பெரிய மார்க் ஒன்றும் இல்லை.

மலர்க்கொடி இப்போது எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியரின் முணுமுணுப்பு, பின் பெஞ்சில் நடக்கிற காதல் பேச்சு, வராந்தாவில் இருவர் போட்ட சண்டை, யாரோ விட்ட ஏப்பம். ஏழு பேரும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு துரைராசு ஒருநாள் களைத்துப்போய்க் கையைத் தூக்கினான்.

"அக்கா, இவ்ளோ வேணாம். எனக்குத் தல வலிக்குது. காது கேக்குறவங்க தெனம் இதயெல்லாமா கேக்குறாங்க?"

மலர்க்கொடி பதில் சொல்வதற்குள் சுடர்விழி குறுக்கே வந்தாள். "வேணாம்னா கண்ண மூடிக்க. அக்கா நிறுத்தக்கூடாது."

அம்மாவோடு சமாதானம் ஆனது மாசிக்குப் பிறகுதான், அதுவும் அரைகுறையாக. அம்மா வீடியோ காலில் வந்து, பெரிய வீட்டுக்காரியிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டித் தான் சண்டை போட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். அந்த வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லையாம், காபி கொடுத்து உட்காரச் சொன்னாளாம். அம்மா குடிக்காமல் வந்துவிட்டாளாம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது கோபமா, திருப்தியா என்று மலர்க்கொடிக்கு விளங்கவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கூட்டத்தில் சுடர்விழி சொன்ன குறைகள் பதிவானதை ஆய்வுக் குழு பாராட்டிவிட்டுப் போயிருந்தது. மலர்க்கொடியை நீக்கினால் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஜூனில் கல்லூரி திறந்தபோது இரண்டாவது மொழிபெயர்ப்பாளரும் வந்தாள். லத்தீஃபா என்று பெயர், படித்து முடித்த கையோடு வந்த சின்னப் பெண். இனிப் பாதி வகுப்பு அவளுக்கு, பாதி மலர்க்கொடிக்கு.

முதல் நாள் லத்தீஃபா நின்றபோது மலர்க்கொடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். சுத்தமான கைகள், வேகமும் இருந்தது. ஆசிரியர் நடுவில் ஏதோ ஒரு கேலியைச் சொன்னார், வகுப்பு சிரித்தது. லத்தீஃபா ஒரு நொடி தயங்கினாள். மலர்க்கொடிக்கு பெஞ்சின் அடியில் கால் ஆடத் தொடங்கியது. சுடர்விழி முன்வரிசையிலிருந்து லத்தீஃபாவை நோக்கிக் கையை நீட்டி, 'என்ன?' என்று கேட்டாள்.

லத்தீஃபா சொன்னாளா, எதைச் சொன்னாள் என்று மலர்க்கொடி பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள். அந்த மணி முழுக்க அவளுக்கு ஓய்வு. ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இருந்தது. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி நடந்தாள். ஆபீஸ் வாசலில் நின்ற முதல்வர், "என்ன மலர்க்கொடி, எதாவது தேடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சும்மாதான்" என்றாள். அடுத்த மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.